கிழக்கே என்ன கரை இருக்கிறது

என் கணவரும் என் தம்பியும் கடலுக்குப் போய்த் திரும்பாத அந்தக் கச்சான் காலத்தில்தான் நான் உலகத்தைப் படிக்கத் தொடங்கினேன். அதற்கு முன் உலகம் எனக்கு எங்கள் கிண்ணியா, அக்கரையில் திருகோணமலைப் பட்டணம், குடாவின் மறு பக்கம் மூதூர், எல்லாவற்றுக்கும் அப்பால் மக்கா. அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரியும்.

கச்சான் எங்கள் பக்கத்தில் தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று. நெருப்புப் போல வீசும். கொடியில் போட்ட சீலை கொஞ்ச நேரத்தில் அப்பளமாய்ப் போகும். ஆனால் கரையோரத்துக் கடல் மட்டும் தட்டையாக, சாதுவாகக் கிடக்கும். அதை நம்பித்தான் ஆட்கள் போவார்கள். மிசின் ஒழுங்காக இருந்தால் காற்றை எதிர்த்து வந்துவிடலாம். அவர்களுடைய போட்டில் மிசின் நின்றுபோனது.

கடைசியாக அவர்களைக் கண்டவர் திரியாய்ப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு வள்ளத்துக்காரர். "மிசினைத் திறந்து வைச்சுக் குனிஞ்சுகொண்டு இருந்தாங்க. என்னைக் கண்டு கை காட்டினாங்க. சும்மா காட்டுறாங்க எண்டு நினைச்சு நானும் கை காட்டிட்டு வந்தனான்" என்று எங்கள் வாசலில் இருந்து அழுதார். அவரை என்னவென்று ஏசுவது? எழுப்பித் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

தேடினார்கள். கிண்ணியாவிலிருந்தும் சல்லியிலிருந்தும் வள்ளங்கள் போயின. துறைமுகத்திலிருந்து ஒரு கப்பலும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. பிறகு எல்லாம் ஓய்ந்தது. ஓய்ந்த அன்று என் மாமி, என் கணவரைப் பெற்றவர், தன் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் ஊரில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது வழக்கம். மகன் வாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று மாமிக்குத் தோன்றியிருக்கும். நடக்கத் தொடங்கி இருந்த என் மகளை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் இருப்பார்.

பிறகு ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது சொன்னார்:

"புள்ள, அவன் மௌத்து. பெத்தவள் நான் சொல்றன். இனி அவனுக்கு ஓத வேணும். ஓதாம விட்டா அவன் அங்க கையை நீட்டிக்கொண்டு நிப்பான்."

"உயிரோட இருக்கிறவருக்கு மௌத்துக்கு ஓதுறதா மாமி?"

"உயிரோட இருக்கிறான் எண்டு உனக்கு ஆர் சொன்ன?"

ஒருவரும் சொல்லவில்லைதான்.

அன்றிலிருந்து ஒரே பாயில் அடுத்தடுத்து நின்று தொழுத நாங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாகத் துஆக் கேட்டோம். மாமி, "யா அல்லாஹ், அவன்ட பாவத்தை மன்னிச்சிரு" என்பார். நான், "யா அல்லாஹ், அவரைக் கொண்டுவந்து சேர்த்திரு" என்பேன். என்னதான் முணுமுணுத்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமலா போகும்? அல்லாஹ்விடம் போய் நாங்கள் ஒருவர் கேட்டதை மற்றவர் வெட்டிக்கொண்டிருப்பது போல எனக்கு இருந்தது. பயமாகவும் இருந்தது.

மாமி கேட்டது ஓதுவதை மட்டும் அல்ல. நான் இத்தா இருக்க வேண்டும் என்றார். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அலங்காரம் இல்லை, வெளியே போக்குவரத்து இல்லை. ஊரின் பெண்கள் வந்து பக்கத்தில் இருந்து ஓதுவார்கள், ஆறுதல் சொல்வார்கள். அது எங்கள் மார்க்கம், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் நான் உள்ளே போய் இருந்தால் அந்த நேரத்திலிருந்து அவர் மௌத்தானவர். துறையடிக்குப் போய் ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேட்கக்கூட இந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அவரை நான் என் கையாலேயே கடலுக்குள் அமுக்குவது போல இருந்தது.

ஆலிம்சாவிடம் கேட்டோம். பள்ளிவாசலில் தொழுவிக்கும் வயதானவர். "மௌத்து உறுதியாகாம இத்தா இல்லை மகள். உறுதி வரட்டும்" என்றார். மாமி அழுத அழுகையைப் பார்த்துப் பெரியவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை இருவருக்கும், மௌத்தானவர்களுக்குத் தொழும் ஜனாஸாத் தொழுகையை மட்டும் தொழுதார்கள், உடல் இல்லாமல். அந்த நேரம் நான் குசினிக்குள் இருந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

கிழக்கே என்ன கரை இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் கேட்டது என் சாச்சாவிடம். வாப்பாவின் தம்பி. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் சமையற்காரனாகப் போய் வந்தவர். அவர் சொல்வதில் பாதி உண்மை என்று ஊருக்கே தெரியும், எந்தப் பாதி என்றுதான் தெரியாது.

"கிழக்கே போனா நேரே அந்தமான். அதுக்குக் கீழ நிக்கோபார். மேல பர்மா. எல்லாத்தையும் தவறவிட்டா சுமாத்ரா. கடல் எண்டா ஒரு பெரிய கோப்பைதான் புள்ள. மிதக்கிறது விளிம்புக்கு வந்துதானே ஆகவேணும்?"

"அங்க ஆக்கள் இருக்கிறாங்களா சாச்சா?"

"இருக்கிறாங்க. ஒரு தீவில இருக்கிறவங்க மட்டும் ஆரையும் இறங்க விடமாட்டாங்க. உடுப்பில்லை. வில்லும் அம்பும். கிட்டப் போனா அம்பு வரும். எங்கட கப்பித்தான் தூரத்திலயே கப்பலைத் திருப்பிட்டான்."

மாமி உள்ளே இருந்து கத்தினார்: "உங்கட வாயில நல்லதே வராதா தம்பி?"

"நல்லதும் இருக்கு ராத்தா. அந்தப் பக்கத் தீவுகளில ஒரு நண்டு இருக்கு. தென்னையில ஏறித் தேங்காயை உடைச்சுத் தின்னும்."

"நண்டு தென்னையில ஏறுறதா நல்லது?"

"நண்டு ஏறுதெண்டா அங்க தென்னை இருக்கெண்டுதானே அர்த்தம்? தென்னை இருந்தா இளநீர் இருக்கு. தண்ணிக்குச் சாகமாட்டாங்க."

நான் அந்த நண்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நண்டுக்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தது அன்றுதான்.

மாமி மெல்ல வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் மௌத்து என்று அடித்துச் சொன்னவர், கேள்வி கேட்டார். "முதலை இருக்குமா அங்க?"

"இருக்கும் ராத்தா. நம்ம மாவலி கங்கை வாயில கிடக்கிற அதே சாதிதான். உப்புத் தண்ணியில கிடந்து தீவுக்குத் தீவு நீந்திப் போகும். ஆனா நடுக்கடலில போட்டைத் துரத்திக்கொண்டு வராது."

"பெரிய மீன்? திமிங்கிலம்?"

"அதுக்கு அந்தமான் வரைக்கும் போவானேன்? நம்ம துறைமுக வாசலுக்கே வருது. உலகத்தில உள்ள சீவன்களில பெரிசு. ஆனா தொண்டை சின்னன். ஒரு உரிச்ச தேங்காய் இறங்கினாப் பெரிய காரியம்."

மாமி யோசித்தார். "அப்ப நபியை விழுங்கின மீன்?"

சாச்சா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அது அல்லாஹ் சொல்லி வந்த மீன் ராத்தா. நான் சொல்றது சும்மா திரியிற மீன்."

மாமி சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சிரிப்புத்தான். ஆனால் முடியும்போது அது வேறாகி, சுவரில் சாய்ந்துவிட்டார்.

சாச்சாவின் உலகம் போதாமல் போனது. கிண்ணியாப் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்த ஒரு மாஸ்டர் இருந்தார். பட்டணத்துத் தமிழ் ஆள். ஆளையும் காரையும் ஏற்றிக் கயிற்றால் இழுக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம், அந்தப் பாதையில் காலையில் வந்து பின்னேரம் அக்கரைக்குப் போவார். சாச்சாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு துறையடியில் அவரை மறித்தேன். அவர் எரிச்சல்படவில்லை. மறுநாள் உலகப்படப் புத்தகத்தைக் கொண்டுவந்து, பாதை வரும்வரை, வாகை மரத்தின் கீழ் விரித்துக் காட்டினார். எங்கள் கடல் என் சுண்டுவிரல் நீளம் இருந்தது.

"இவ்வளவுதானா?"

"இது படம் தங்கச்சி. உண்மையில ஆயிரம் மைலுக்குக் கிட்ட." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா ஒண்டு சொல்றன். தண்ணி இல்லாமல் இருப்பினம் எண்டுதானே பயப்பிடுறியள்? இங்க கச்சான் ஏன் காயுது? மழையை எல்லாம் அந்தப் பக்கத்து மலையில கொட்டிப்போட்டு வெறுங்கையோட வாறதாலதான். இதே காற்று எங்களைத் தாண்டிக் கடலுக்கு மேல போய்த் திரும்பவும் தண்ணி அள்ளும். பர்மாப் பக்கம் போய்ச் சேரேக்க ஊத்து ஊத்தெண்டு ஊத்தும். இங்க கிணறு வத்துற நேரம் அங்க வெள்ளம்."

"ஒரே காத்தா?"

"ஒரே காற்று."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சுடுகாற்று முகத்தில் அடித்தது. போ, போய் அவர் வாயில் ஊற்று என்று சொல்லிக்கொண்டு நடந்தேன்.

இன்னும் பலது சொல்லித் தந்தார். அங்கே சூரியன் நமக்கு ஒரு மணித்தியாலம் முந்தி உதிக்கும் என்றார். அப்படியென்றால் நான் விடியல் சுபஹுக்கு எழும்பும்போது அவர் தொழுது முடித்திருப்பார். அங்கிருந்தும் கிப்லா, தொழும் திசை, மேற்கே என்றால், தொழும்போது எங்கள் ஊர் இருக்கிற பக்கத்தையும் பார்த்துத்தான் நிற்பார். இதை மாமியிடம் சொன்னேன். மாமி அன்று தொழுகைப் பாயில் வெகுநேரம் இருந்தார்.

ஆனால் என்னைப் பிடித்து ஆட்டிய சங்கதி வேறு. கடலுக்குள்ளும் ஆறு ஓடுகிறது என்றார் மாஸ்டர், நீரோட்டம் என்று பெயர். மற்றப் பெருங்கடல்களில் அது வருஷம் முழுக்க அநேகமாக ஒரே பக்கம் ஓடுமாம். எங்கள் கடலில் மட்டும் கச்சான் ஓய்ந்து, மாரியில் வடக்கேயிருந்து வாடைக் காற்று வரும்போது அதுவும் மாறிப் பின்பக்கம் ஓடுமாம்.

"வாடைக்குத் திரும்புமா?"

"ஓம், வாடைக்குத் திரும்பும்."

"கொண்டுபோனதைக் கொண்டு வருமா?"

அவர் புத்தகத்தை மூடினார். "தங்கச்சி, ஒரு போட்டுக்கு என்ன நடக்கும் எண்டு என்னால சொல்ல ஏலாது. புத்தகத்தில அது இல்லை."

அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் 'திரும்பும்' என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தேன். கடலோரத்தில் பிறந்து, காற்றைப் பார்த்தே எல்லாக் காரியத்தையும் வைத்துக்கொள்ளும் எங்களுக்கு அப்படித்தான் கணக்கு வரும். கச்சான் கொண்டுபோனதை வாடை கொண்டுவர வேண்டும். மாமியிடம் சொன்னேன்: "வாடை விழுந்து, தண்ணி திரும்பட்டும். அதுக்குப் பிறகும் வரல்லையெண்டா நீங்க சொன்னபடி இருக்கிறன்."

"வாக்கா?"

"வாக்கு."

மழை வந்தது. வாடை விழுந்தது. சாதுவாகக் கிடந்த கடல் பழுப்பாகி, எழும்பி எழும்பிக் கரையை அறைந்தது. நான் மகளை மாமியிடம் விட்டுவிட்டுக் கரைக்குப் போனேன். விடிந்தால் கரை, அஸர் தொழுதால் கரை. ஊர் கதைத்தது. "புருஷன் மௌத்தான பொம்பிளை காத்து வாங்கப் போறா" என்று தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அதற்கு மாமிதான் பதில் கொடுத்தார்: "என்ட மகன் மௌத்தெண்டு நான் சொல்லலாம்கா. நீ ஆரு?"

ஒரு காலையில் அலை ஒரு மூங்கிலைக் கொண்டுவந்து போட்டது. என் தொடை மொத்தம். பிரம்பால் கட்டிய கட்டு ஒன்று அதில் அப்படியே இருந்தது, எங்கள் ஆட்கள் போடாத முடிச்சு. சாச்சா வந்து தட்டிப் பார்த்தார். "பர்மா மூங்கில். மாரியில இது வழமையா வாறதுதான். சில வருஷம் தெப்பமாகவே வந்து ஒதுங்கும்." அவர் வழமை என்றது எனக்குக் கேட்கவே இல்லை. ஈர மணலில் இருந்து அந்த மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அங்கே தொட்ட தண்ணீர் இங்கே வந்துவிட்டது. இனி அவரும் வருவார்.

வேறொன்றும் வரவில்லை. மரக்கட்டை, பாசி, செத்த ஆமை. மூங்கிலுக்கு வழி தெரிந்த தண்ணீருக்கு மனிதனைக் கொண்டுவரத் தெரியவில்லை. என் துஆவில் கெஞ்சுவது போய்ச் சண்டை வந்துவிட்டது. அப்படிக் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டுவிட்டு அழுது, மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்வேன். மறுபடியும் கேட்பேன்.

மழை குறையத் தொடங்கியதும் மாமி உள் அறையைக் கூட்டிக் கழுவி யன்னலுக்குத் திரை கட்டினார். நான் வாக்குப்படி இத்தா இருப்பதற்கு. நாளைக்கு உள்ளே போவதென்று நான் சொன்னேன். அன்று பின்னேரம் கடைசியாகக் கரைக்குப் போய் நின்றேன்.

"ராத்தா."

குரல் பின்னால் இருந்து வந்தது, ஊர்ப்பக்கம் இருந்து. கடலைப் பார்த்து நின்ற எனக்குப் பின்னால், பஸ்ஸில் வந்து இறங்கி, பாதையில் ஏறி, என் தம்பி வந்து நின்றான். பாதி ஆளாகப் போயிருந்தான். கட்டம் போட்ட பிறநாட்டுச் சாரம் உடுத்திருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை, அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அவனுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தேன்.

"மச்சான் இல்லை ராத்தா" என்றான்.

மிசினைத் திருத்தப் போய் அவருடைய காலில் இரும்பு வெட்டியிருக்கிறது. மாஸ்டர் சொன்ன மழை சொன்னபடியே பெய்திருக்கிறது. தண்ணீருக்குக் குறைவில்லை, மீனும் கிடைத்தது. ஆனால் காயம் வீங்கிப் பழுத்துக் காய்ச்சல் வந்து, கரை எதுவும் காணும் முன்பே அவர் போய்விட்டார்.

"நான்தான் கழுவினன். கடல் தண்ணியால. என்ட சாரத்தால சுத்தினன்." எங்கள் வீட்டில் வைத்துத்தான் சொன்னான், மாமியின் முகத்தைப் பார்க்காமல். "பொழுது படுற பக்கம் பார்த்து நின்டு தொழுதன். நாலு தரம் தக்பீர் சொல்லுற எண்டு தெரியும். இடையில என்ன ஓதுற எண்டு மறந்துபோச்சு. தெரிஞ்சதெல்லாம் ஓதித்தான் கடலில விட்டன் மாமி. சின்னனில படிச்ச சாப்பாட்டு துஆவும் ஓதினன். அந்தத் தொழுகை கூடுமா, செல்லுமா?"

முன்பெல்லாம் தொழுகைக்கு அடித்து அடித்து அனுப்ப வேண்டியிருந்த என் தம்பி.

பிறகு அவனைக் காப்பாற்றியவர்களைப் பற்றிச் சொன்னான். பர்மாவின் தெற்கே, கடலிலேயே வாழும் ஒரு சனம். வள்ளம்தான் வீடு. பிறப்பதும் சமைப்பதும் அதில்தான். அவர்களின் சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்துகொண்டு சிப்பி பொறுக்குமாம். ஒரு பாஷையும் விளங்காமல் அவனுக்குக் கஞ்சி பருக்கி, ஒரு பட்டினத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அங்கே தெருத்தெருவாக, போகிற வருகிறவர்கள் குடிக்க மண்பானையில் தண்ணீர் வைத்திருப்பார்களாம். யார் என்று யாரும் கேட்கமாட்டார்களாம். பிறகு விசாரணை, அடைப்பு, கடைசியாக ஒரு கப்பல். எல்லாம் கேட்டேன். மூன்று மாதத்துக்கு முன்னால் இதில் ஒரு சொல்லுக்காக நான் யார் காலிலும் விழுந்திருப்பேன்.

மாமி திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அவன் உயிரோட இருக்கிறான் எண்டு நீ சொன்னியே! சொன்னியே புள்ள! நான் வாயால ஓதினன். உள்ளுக்குள்ள நீ சொன்னதைத்தான் நம்பியிருந்தனான்!"

ஆலிம்சா மறுநாள் வந்தார். தம்பியின் கையைப் பிடித்து, "கூடும் மகன். நீ தொழுததைவிட எங்கட தொழுகை பெரிசில்லை" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, இன்றைக்கே உள்ளே போய் இருந்துவிடுகிறேன் என்றேன். ஆலிம்சா தம்பியிடம், என் கணவர் மௌத்தான நேரம் பிறை எப்படி இருந்தது என்று கேட்டார். கடலுக்குப் போகிறவனுக்குப் பிறை மறக்காது. சொன்னான். ஆலிம்சா விரலை மடக்கி எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"மகள், இத்தா மௌத்தான நாளில இருந்துதான் கணக்கு. தெரிய வந்த நாளில இருந்து இல்லை. உனக்கு அது முடிஞ்சிட்டுது."

"நான் இருக்கவே இல்லையே?"

"நீ அறியாம இருந்தாய். அதில உனக்குக் குற்றம் இல்லை. காலம் போயிட்டுது, அவ்வளவுதான்."

நான் துறையடியில் நின்ற நாட்களும் மூங்கிலைக் கட்டிப்பிடித்த காலையும்தான் என் இத்தா என்று அப்போதுதான் விளங்கியது. அந்த அறைக்குள் போகக் கூடாதென்று எவ்வளவு போராடினேன்! இப்போது அங்கே போய் விழுந்து கிடக்க ஆசையாக இருந்தது, அதற்கு வழியில்லை. விதவைக்கு ஊர் கொடுக்கிற அந்த நாலு மாதத்தை, பக்கத்தில் வந்து இருக்கும் பெண்களை, பேசாமல் இருக்கலாம் என்ற அந்த அனுமதியை, எனக்குத் தெரியாமலே காலம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. தம்பி பசியோடு இருந்தான். எழும்பிப் போய் உலை வைத்தேன்.

பொழுது பட்டு, மஃரிபுக்கு மாமியும் நானும் ஒன்றாக நின்றோம். தொழுது முடித்துக் கையை ஏந்தினேன். பழகிப்போன வாய், "யா அல்லாஹ், அவரைக் கொண்டுவந்து..." என்று தொடங்கிவிட்டது. நடுவில் நின்றேன். மேலே போக ஏலாது, வேறு சொல்லும் வரவில்லை. வெறும் கையை ஏந்திக்கொண்டு இருந்தேன்.

மாமி பாயில் என் பக்கம் நகர்ந்து வந்து இருந்தார். "எனக்குப் பின்னால சொல்லு. நான் முந்தியே பழகினவள்" என்றார். ஒரு சொல் அவர், ஒரு சொல் நான். யா அல்லாஹ். அவன்ட. என் வாயில் அது "அவர்ட" என்று வந்தது. அடுத்த சொல்லுக்கு நான் காத்திருந்தேன். மாமிக்குக் குரல் எழும்பவில்லை. மீதியை நான்தான் சொன்னேன்.